நாற்பது வினாடிப் பாட்டு

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு போதும்" என்றாள், டிடெக்டிவை அமர்த்திய கட்சிக்காரி.

சொன்னபோது அவள் கையில் யாருடைய மேல்வரிசையோ இருந்தது. மெழுகில் பதித்த பதினான்கு பற்கள். ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டிய சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பல் செட் செய்யும் லேப் அது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். எல்லாம் திறந்தே இருந்தன. எதுவும் பேசவில்லை.

டிடெக்டிவ் அங்கிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய உதவியாளன் நின்றான். அவனுக்குப் பட்டப்பெயர் கோந்து. ஒரு விஷயத்தில் ஒட்டினால் தோலோடுதான் வருவான்.

"மேடம், இத்தனை வாய் இருக்கிற ரூம்ல நான் ஒருத்தன்தான் பேசறேன் போலிருக்கே" என்றான் கோந்து.

அவள் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. அடுத்த பல்லுக்குப் போனாள்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, "மத்தியானம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன அவள் கணவன் வரவில்லை. நாளை காலை பதினொரு மணிக்குக் கோர்ட்டில் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். 'ஏழு வருடமாக என் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.' போட்டால் அவன் இறந்தவன் ஆகிவிடுவான். அவன் பேரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் அக்காவிடம் அவள் போய்விடலாம். போடாவிட்டால் இந்த வீடு, இந்த லேப், இந்த ஸ்பிரிட் விளக்கு.

சிக்கல் ஒன்றே ஒன்று. அவன் போன அடுத்த வருடத்திலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை, அவர்களுடைய கல்யாண நாளன்று, வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு அழைப்பு வந்தது. இதுவரை ஆறு முறை. நம்பர் தெரியாது. குரல் கிடையாது. நாற்பது வினாடி ஏதோ வீடியோ கேமின் பாட்டு. பிறகு கட்.

"அவர் கேம் கடைக்குப் போவார். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் அங்க போனதில்ல. கூட யார் ஆடுவாங்கன்னும் தெரியாது."

"அவர் உயிரோட இருந்தா?" என்றார் டிடெக்டிவ்.

"கையெழுத்துப் போட மாட்டேன். பொய்ப் பிரமாணம் எனக்கு வேண்டாம்."

"கூட்டிட்டு வரணுமா?"

"வேண்டாம். குரல் வேண்டாம், போட்டோ வேண்டாம், எங்க இருக்கார்னுகூட வேண்டாம். ஆமா, இல்ல. அவ்வளவுதான்."

இதையெல்லாம் அவள் ஒரே சுருதியில் சொன்னாள், மருந்துச் சீட்டு வாசிப்பது போல. டிடெக்டிவுக்கும் அதில் எதுவும் உறைக்கவில்லை. இருபது வருடத் தொழிலில் இப்படி நாற்பது கேஸ். ஆமாவுக்கும் இல்லைக்கும் அவர் முகம் ஒன்றுதான்.

"கடைசி ஃபோனை ரெக்கார்ட் பண்ணியிருக்கேன்" என்று செல்போனை நகர்த்தினாள்.

கோந்து பொத்தானை அமுக்கினான்.

டிங். டிங். காசு விழுந்தால் பழைய கேம் மிஷின்கள் எழுப்பும் மணிச் சத்தம், இரண்டு முறை. அடுத்த நொடி பாட்டு கிளம்பியது. வீணையும் அல்லாத, புல்லாங்குழலும் அல்லாத, சிலிக்கானுக்கு மட்டுமே சொந்தமான ஒரு குரல் குதித்துக் குதித்து மேலே ஏறியது. இன்னொரு குரல் கீழே அதைத் துரத்தியது. கூடவே தாளம். நடுவில் தூரத்து வெடிச் சத்தம், மூன்று முறை. பாட்டு ஓர் உச்சிக்குப் போய், மூச்சு வாங்கும் இடத்தில், மரப்பலகையை யாரோ உள்ளங்கையால் அறைவது போல இரண்டு அடி.

டப் டப்.

பாட்டு மறுபடி கிளம்பி, முடிந்தது.

கோந்துவின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "பாஸ்! ரெட்டைக் கழுகு! விமானச் சண்டை கேம், முதல் கட்டப் பாட்டு! ஒரு சின்ன சிப்பு, அதுல மூணே குரல். ஒண்ணு பாடும், ஒண்ணு கூடப் பாடும், ஒண்ணு தாளம் போடும். மூணை வெச்சுக்கிட்டு என்னமா ஒரு கச்சேரி பண்ணியிருக்கான் பாருங்க! இப்பல்லாம் நூறு பேர் வாசிக்கிறாங்க, ஒரு வரி மனசுல நிக்குதா?"

"பாராட்டு விழாவை அப்புறம் வெச்சுக்கலாம். வேற என்ன கேட்டுச்சு?"

"ரெண்டு காசு போட்டிருக்கான். அப்போ ரெண்டு பேர் ஆடறாங்க. அதுல ஒருத்தன் சுத்த மொக்கை. முதல் பதினஞ்சு வினாடிக்குள்ள மூணு விமானமும் காலி. என் பாட்டியே இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிப்பாங்க."

டிடெக்டிவ் மறுபடி ஓடவிட்டார். பாட்டுக்குப் பின்னால், கிணற்றுக்குள் போல ஒரு சத்தம். தொம். பிறகு ஒரு சின்ன 'கிளிங்'. நான்கு வினாடிக்கு ஒருமுறை, மாறாமல்.

"பெரிய இரும்புப் பீப்பா சுத்துது. உள்ள ஏதோ உலோகம், ஒவ்வொரு சுத்துக்கும் ஒருதரம் இடிக்குது."

"சிமென்ட் கலவை மிஷினா பாஸ்?"

"கலவை மிஷின்ல கோட்டு பட்டன் இருக்காது" என்று எழுந்தார் டிடெக்டிவ். "துணி உலர்த்தற மிஷின்."

கட்சிக்காரி தலையைத் தூக்கவில்லை. "ஆறரை வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

•

கேம் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே இருட்டு. பன்னிரண்டு மிஷின்கள், பன்னிரண்டு பாட்டு, ஒரே நேரத்தில். ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். ஒருவர் அலுவலக அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகிவிட்டு ஆடினார். திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் டோக்கன்கள் வரிசையாக நின்றன. டோக்கன் வைத்தவனுக்கு அடுத்த ஆட்டம். தோற்றவன் வாயைத் திறக்காமல் நகர வேண்டும். ஜெயித்தவன் இடத்தை விடக்கூடாது. இதையெல்லாம் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. மீறிய ஆளையும் யாரும் பார்த்ததில்லை.

கம்பிக்கூண்டுக்குள் இருந்த டோக்கன் அக்கா ரெக்கார்டிங்கை ஒருமுறைதான் கேட்டாள்.

"இது நம்ம மிஷின் இல்ல."

"பாட்டு ஒண்ணுதானேக்கா?" என்றான் கோந்து.

"பாட்டு ஒண்ணுதான். ஆனா இதுல பல்லெல்லாம் இருக்கு. நம்ம மிஷினுக்குப் பல்லு விழுந்து இருபது வருஷம் ஆச்சு."

கூண்டைத் திறந்துகொண்டு வந்து மூலையில் இருந்த மிஷினில் டோக்கன் போட்டாள். அதே பாட்டு. ஆனால் தாளம் இல்லை. மூன்றாவது குரல் செத்திருந்தது. உச்சிக்குப் போய் மூச்சு வாங்கும் இடத்தில் வெறும் பள்ளம்.

"சிப்புல அந்த ஒரு கால் போயிடுச்சு. மாத்த சிப்பு கிடைக்கல. பள்ளம் வந்தா பசங்களுக்குக் கை சும்மா இருக்காது. பக்கப் பலகையில டப் டப்னு அடிச்சு ரொப்பிடுவாங்க. இந்தக் கடைக்குன்னு வந்த பழக்கம் அது. வேற எந்த ஊர்லயும் பாக்க முடியாது."

டிடெக்டிவ் செல்போனைக் காட்டினார். "ஆனா இதுல தாளமும் இருக்கு, அடியும் இருக்கு."

"அதான் சொல்றேன். வயிறு நிறைஞ்சவனுக்கு இன்னொரு தட்டு வெச்ச மாதிரி. எங்கேயோ நல்ல மிஷின்ல ஆடறான். ஆனா கை இங்க பழகின கை."

டிடெக்டிவ் கட்சிக்காரியிடம் வாங்கிய கல்யாண போட்டோவை நீட்டினார். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இடது!"

"என்னது?"

"இவன் பேரு எனக்கென்ன தெரியும்? எப்பவும் இடப்பக்கம் நிப்பான். அதனால இடது. அவன் கூட்டாளி வலது. வாரத்துல ஆறு நாள் ரெண்டும் ஜோடியா வரும். ஒருத்தன் சாப்பிட்டானான்னு இன்னொருத்தனுக்குத் தெரியும், பேரு தெரியாது. இங்க எல்லாருமே அப்படித்தான்."

"வலது இப்ப எங்க?"

"இடது நின்னதும் அவனும் நின்னுட்டான். ஜோடி போனா அந்த ஆட்டத்துல என்ன இருக்கு?" அக்கா போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். "செத்துட்டானா?"

"அதைத்தான் நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள சொல்லணும். இந்த மிஷின் வேற எங்கெல்லாம் இருக்கு?"

"இருந்தது ஒண்ணுதான். இந்தக் கரையிலேயே, ஊர்க்கோடியில ஒரு ஸ்கேட்டிங் ஹால்ல. ஏழு வருஷம் முன்னாடி ஹாலை மூடினப்போ உதிரிக்காகவாவது வாங்கிப் போடலாம்னு நினைச்சேன். யாரோ முந்திட்டாங்க."

டிடெக்டிவ் கோந்துவைப் பார்த்தார். கோந்து ஏற்கெனவே செல்போனை எடுத்திருந்தான்.

"அக்கா, இந்த மிஷினுக்கெல்லாம் பட்டன், கம்பி விக்கிறது யாரு?"

"ஒரே ஒரு ஆள்தான். நான் நம்பர் போட்டுத் தர்றேன்."

மறுமுனையில் வந்த உதிரிபாகக்காரர் காது மந்தம் உள்ளவர். கோந்து கத்தினான். அவர் அதைவிடக் கத்தினார். ஐந்து நிமிடத்தில் கடையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"ஆமாய்யா, ஒருத்தன் இருக்கான்! சலவைக் கடை! ஆத்துக்கு அந்தப் பக்கம், தண்ணித் தொட்டிக்கு எதிர்ல! வருஷத்துக்கு ரெண்டு தடவ பட்டன் வாங்குவான்! நீலம் மட்டும்! செட்டா எடுத்துக்கோ, செவப்பும் வரும்னு சொன்னா, செவப்பு தேயவே இல்லம்பான்!"

கோந்து ஃபோனை வைத்தான். "காது போனவர்கிட்ட கண்ணான விஷயம் கிடைச்சிருக்கு பாஸ். கிளம்பலாமா?"

டிடெக்டிவ் ரெட்டைக் கழுகு மிஷின் முன் நின்றுகொண்டிருந்தார். இடப்பக்கத்துப் பட்டன்கள் சிவப்பு. வலப்பக்கம் நீலம். பிறகு படியிறங்கினார்.

•

ஆற்றுப் பாலம் நீளமானது. பாலத்தின் இணைப்புகளில் கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கோந்து அந்தப் பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்தான்.

"நிறுத்தறியா?"

"ஒட்டிக்கிச்சு பாஸ். எனக்கே அப்படின்னா பாருங்க."

சலவைக் கடையில் ஆறு உலர்த்தும் மிஷின்கள். நான்கு ஓடிக்கொண்டிருந்தன. தொம், கிளிங். தொம், கிளிங். சுடு துணியின் வாசனை. கடைக்கோடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடிய ஆள் உயரப் பெட்டி ஒன்று நின்றது. மேஜைக்குப் பின்னால் தாடி வைத்த கனத்த மனிதர் ஒருவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு கத்தி போல இருந்தது. முகம் சுவர் போல இருந்தது.

டிடெக்டிவ் போட்டோவை மேஜையில் வைத்தார். பத்து வருடத்துக்கு முந்திய, ஒல்லியான, மழித்த முகம். எதிரில் இருந்த தாடிக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"இவரைத் தேடி வந்திருக்கோம்."

தாடிக்காரர் போட்டோவைப் பார்த்தார். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நான்தான்" என்றார்.

கோந்துவின் வாய் பிளாஸ்டர் வாய் போலத் திறந்து நின்றது. மறுப்பார், ஓடுவார், கதவைச் சாத்துவார் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவன் அவன்.

"நான்தான் அவ புருஷன். ஃபோன் பண்றதும் நான்தான். உயிரோட இருக்கேன்னு சொல்லிடுங்க. வரமாட்டேன்னும் சொல்லிடுங்க. வேற எதுவும் கேக்காதீங்க."

"ஏன் போனீங்க?"

"போகணும்னு தோணுச்சு. போனேன்."

அவரும் மருந்துச் சீட்டுதான் வாசித்தார். டிடெக்டிவ் தலையாட்டினார். கோந்து அவர் காதருகே வந்தான். "அவ்வளவுதான் பாஸ். 'ஆமா'ன்னு போய்ச் சொல்லிடலாம். மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க. கேஸ் முடிஞ்சுது. இவ்வளவு சுளுவா ஒரு கேஸ் முடிஞ்சு நான் பாத்ததே இல்ல."

"நானும் பாத்ததில்ல" என்றார் டிடெக்டிவ். பிறகு தாடிக்காரரிடம், "என் உதவியாளனுக்கு இந்த மிஷின் மேல உசுரு. ஒரு ஆட்டம் அவன்கூட ஆடுவீங்களா? ஆடி முடிச்சதும் போயிடறோம்."

கோந்து அவரை நன்றியோடு பார்த்தான். பாஸ் ஏன் இப்படிக் கேட்டார் என்று அவனுக்குப் புரியவில்லை.

தாடிக்காரர் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். சட்டையை வைத்துவிட்டு எழுந்து, விரிப்பை உருவினார். ரெட்டைக் கழுகு. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. ஓரங்களில் வண்ணம்கூட மங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு டோக்கன்களை எடுத்து, பார்க்காமலே போட்டார். டிங். டிங். கேட்காமலே வலப்பக்கம் போய் நின்றார்.

கோந்து இடப்பக்கம் பாய்ந்தான்.

பாட்டு கிளம்பியது. மூன்று குரலும் முழுசாக. இரண்டு விமானங்கள் திரையின் அடியிலிருந்து ஜோடியாக எழுந்தன. கோந்துவின் இடக்கை விமானத்தை ஓட்டும் கம்பியில், வலக்கை சிவப்புப் பட்டன்களில். பட்டன்கள் புதுசு போல விறைப்பாக இருந்தன. தாடிக்காரரின் விமானம் எதிரிகளின் நடுவே தண்ணீர் போல நழுவியது. அவர் முகத்தில் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

பாட்டு உச்சிக்கு ஏறியது. மூச்சு வாங்கியது. தாடிக்காரர் நீலப் பட்டனிலிருந்து வலக்கையை எடுத்து, வலப்பக்கப் பலகையில் இரண்டு அடி அடித்தார். டப் டப். கை மறுபடி பட்டனுக்கு வந்துவிட்டது.

"ஆகா! நானும்!" என்று கோந்து அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான். பள்ளம் வந்தது. இடக்கையைக் கம்பியிலிருந்து எடுத்து இடப்பக்கப் பலகையில் ஒரு அடி அடித்தான். இரண்டாவது அடிக்குள் அவன் விமானம் நேராகப் போய் மோதி வெடித்தது.

"சே! கம்பியை விட்டா..." என்று ஆரம்பித்தான்.

கோந்து மெதுவாகத் திரும்பினான்.

"பாஸ். இடப்பக்கம் நின்னா அடிக்க முடியாது. பலகை இருக்கிற பக்கத்துக் கைலதான் கம்பி. கம்பியை விட்டா செத்தோம். வலப்பக்கத்துல இருக்கறவன்தான் ரெண்டு குண்டு கம்மியா சுட்டுட்டு அடிச்சுக்கலாம்."

"ம்."

"கேம் கடையில அடிச்சதெல்லாம் வலப்பக்க ஆளுங்களாத்தான் இருக்கணும். ஃபோன்ல அடிச்சதும் வலது!"

"செவப்பு பட்டன் ஏன் தேயலைன்னு இப்ப தெரியுதா?" என்றார் டிடெக்டிவ். "மூணு விமானமும் பதினஞ்சு வினாடில போச்சே, அது மொக்கை ஆட்டக்காரன் இல்ல. அங்க யாருமே இல்ல. வலப்பக்கம் நின்னு ஆடணும்னா இந்த மிஷின்ல ரெண்டு டோக்கன் போட்டே ஆகணும். இவர் ரெண்டு பேருக்கும் போட்டு, ஒருத்தருக்காக மட்டும் ஆடறார்."

திரையில் நீல விமானம் தனியாகப் பறந்துகொண்டிருந்தது. தாடிக்காரர் ஆட்டத்தை விடவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"இடது எங்க?" என்று கேட்டார் டிடெக்டிவ்.

ஒரு கட்டம் முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. வலது ஆடிக்கொண்டே பேசினார்.

"இந்த மிஷினை எடுத்துட்டு வரத்தான் போனோம். மினி லாரி. நான் ஓட்டினேன், எனக்கு லைசென்ஸ் கிடையாது. இடது பின்னாடி மிஷினைப் பிடிச்சுட்டு நின்னான். கண்ணாடி உடையக் கூடாதுன்னு. நல்ல மழை. நான் நம்ம பாட்டைச் சத்தமா பாடிட்டு வந்தேன். பாலத்துல ஏறினோம். பாட்டுல அந்த இடம் வந்துச்சு. பின்னாலேர்ந்து கேபின்ல அடிச்சான். டப் டப்னு."

நீல விமானம் ஒரு குண்டைத் தவிர்த்து ஒதுங்கியது.

"சரியா அந்த இடத்துல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பதிலுக்கு நானும் டாஷ்போர்டுல அடிச்சேன். மறுபடி அடிச்சான். இன்னும் வேகமா பாடினேன், இன்னும் வேகமா ஓட்டினேன். இந்தக் கரைக்கு வந்து நிறுத்திட்டுப் பின்னாடி போனா, கயிறு அறுந்து தொங்குது. மிஷின் நிக்குது. பின் கதவு திறந்திருக்கு. அவன் இல்ல."

உலர்த்தும் மிஷின் ஒன்று நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"இடது ஒருநாளும் அடிச்சதே இல்ல சார். இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட. இடப்பக்கக்காரன் எப்படி அடிப்பான்? அன்னிக்குத்தான் முதல் தடவ. வண்டியை நிறுத்துடான்னு அடிச்சிருக்கான். நான் பாட்டுன்னு நினைச்சேன்."

கோந்து இடப்பக்கத்திலிருந்து விலகி நின்றான்.

"போலீஸ்ல சொல்லல?" என்றார் டிடெக்டிவ்.

"முதல் ஒரு மணி நேரம் கரையோரமா தேடினேன். அப்புறம், ஒரு மணி நேரமா ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு இருந்துச்சு. அப்புறம் மூணு நாள் ஆச்சு. அப்புறம் வருஷம் ஆச்சு. ஆத்துல தண்ணி ரொம்ப."

"ஃபோன்?"

"வருஷத்துல ஒரே ஒரு நாள் இடது கடைக்கு வரமாட்டான். கல்யாண நாள். அந்தத் தேதியில எனக்கு ஆட ஆள் இருக்காது. அதனால தேதி மறக்கல. அவசரத்துக்குன்னு அவன் வீட்டு நம்பரும் கொடுத்து வெச்சிருந்தான். உயிரோட இருக்கான்னு அவங்க நினைச்சுக்கட்டும்னுதான். விட்டுட்டுப் போயிட்டான்னா திட்டலாம். திட்டறதுக்கு ஆள் இருந்தா மனுஷங்க எப்படியோ ஓட்டிடுவாங்கன்னு நினைச்சேன். இப்பகூட அதான், நான்தான்னு..."

"அவங்க ஓட்டல" என்றார் டிடெக்டிவ். "வருஷத்துக்கு ஒருநாள் ஃபோன் வரும்னு வீட்டை விட்டு நகரல. நீங்க சொன்னதை நான் போய்ச் சொன்னா, இனிமேயும் நகர மாட்டாங்க. இல்லாத ஒருத்தருக்கு ஆயுசு பூரா பெண்டாட்டியா உக்காந்திருப்பாங்க."

வலது இரண்டு கையையும் மிஷினிலிருந்து எடுத்தார். நீல விமானம் கொஞ்ச நேரம் நேராகப் பறந்தது. பிறகு வெடித்தது.

"நான் சொன்னா போதாது. நாளைக்கு நீங்க கோர்ட்ல சொல்லணும். உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நல்லதா எதுவும் ஆகாதுன்னு மட்டும் தெரியும்."

வலது ஓடிக்கொண்டிருந்த மூன்று உலர்த்தும் மிஷின்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார். கடைச் சாவியை எடுத்துக்கொண்டார்.

•

ஆறு மணி இருபது. லேபில் அவள் பல் செட்டுக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். மெருகு மோட்டார் கிர்ரென்று சுற்றியது. டிடெக்டிவ் உள்ளே வந்தார்.

"இல்ல" என்றார்.

மோட்டார் நிற்கவில்லை. அவள் பல்லைத் திருப்பி அடுத்த பக்கம் கொடுத்தாள். அது முடிந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தினாள்.

"எப்ப?"

"அன்னிக்கே. மத்தியானத்துக்கு முன்னாடியே."

"சரி."

கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக.

"அப்ப ஃபோன் பண்ணது?"

"கூட ஆடினவர். வாசல்ல நிக்கறார். நீங்க வேண்டாம்னா அப்படியே..."

"வரச் சொல்லுங்க."

வலது வந்தார். அத்தனை பெரிய உடம்பு அந்தச் சின்ன அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரமாகவே நின்றது. அவர் பின்னால் வந்த கோந்து வாசலிலேயே நின்றான்.

"ஒவ்வொரு தடவையும் அந்த நாப்பது வினாடியும் நான் பேசிட்டே இருந்தேன்" என்றாள் அவள். "கேட்டுச்சா, பாட்டுச் சத்தத்துல கேக்கலையா?"

டிடெக்டிவ் அவளைப் பார்த்தார். இதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கேட்டுச்சு" என்றார் வலது.

"முதல் வருஷம் என்ன சொன்னேன்?"

"திட்டினீங்க."

"ரெண்டாவது?"

"குளியலறைக் குழாய் ஒழுகுது, எந்த ஸ்பேனரால முறுக்கணும்னு கேட்டீங்க. எனக்குத் தெரியல."

"மூணு?"

"உங்க அம்மா போயிட்டாங்கன்னு."

"நாலு?"

"மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாச்சு, இனி வழுக்காதுன்னு சொன்னீங்க. அஞ்சாவது வருஷம் என்ன சமைச்சீங்கன்னு சொன்னீங்க. போன தடவ ஒண்ணும் சொல்லல."

"ஆமா. போன தடவ சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது போல இருந்தது. ஸ்பிரிட் விளக்கின் வெளிச்சமாகவும் இருக்கலாம். டிடெக்டிவுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தன் இடக்கை வலக்கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

அவள் விளக்கை மூடி போட்டு அணைத்தாள். பல் செட்டை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, மேலே நம்பர் எழுதினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலதுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்குப் பதினொரு மணி. கோர்ட்ல மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க."